வெயில் காலத்தில் டயர் வெடிப்பது ஏன்? "காத்தைக் குறைக்காதே!" என்கிறது கார் பந்தயம்

சாத்தூர்,

"காத்து எவ்வளவு வைக்க, அண்ணாச்சி?"

"வெயிலு கொளுத்துதுல்ல... ரெண்டு பாயிண்டு கொறச்சே வையி தம்பி. வெடிச்சுக் கிடிச்சுத் தொலையப் போவுது!"

சித்திரை பிறந்துவிட்டால் மதுரை – கன்னியாகுமரி நான்கு வழிச்சாலை ஓரத்துப் பஞ்சர் கடைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. தார் ரோட்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டில் டயருக்குள் இருக்கும் காற்று பொங்கிவிடும், அதனால் முன்கூட்டியே குறைத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று பலரும் நினைக்கிறார்கள். கார்காரர், லாரிக்காரர், மொபட்டில் போகிற கிளார்க் என்று யாரும் இதற்கு விலக்கு இல்லை.

ஆனால் கார் பந்தயக்காரர்களைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்கிறார்கள். டயரைச் சூடேற்றுவதே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். இரண்டு பவுண்டு காற்றுக்காக மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக் கொள்பவர்கள்.

"காற்று கூடி வெடிப்பதைவிட, காற்று குறைந்து வெடிப்பதுதான் அதிகம்" என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட பாடம் ஆகும்.

ஒரு தபால் கார்டு தான்!

டயருக்குள் இருக்கும் காற்றை பந்தயக்காரர்கள் "பவுண்டு" கணக்கில் சொல்வார்கள். பஞ்சர் கடையில் அதையே "பாயிண்டு" என்பார்கள். ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்தம் என்பதுதான் இந்தக் கணக்கு.

1,000 கிலோ எடையுள்ள ஒரு காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ. அதாவது சுமார் 550 பவுண்டு. 30 பவுண்டு காற்று இருந்தால், அந்த டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 18 சதுர அங்குலம்.

அது எவ்வளவு பெரிது? ஒரு தபால் கார்டு அளவு!

நான்கு தபால் கார்டுகளை நம்பித்தான் ஒரு குடும்பமே 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக் பிடிப்பதும் அதில்தான். வளைவில் திரும்புவதும் அதில்தான்.

பேனா நிப்புக்குப் பெயர் போன ஊர் சாத்தூர். நிப்பை அழுத்தி எழுதினால் பிளந்து கொள்ளும். லேசாக எழுதினால் மை இறங்காது. டயர் விஷயமும் அப்படித்தான். காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். குறைந்தால் இரண்டு ஓரங்களும் அமுங்கி, நடுப்பகுதிக்கு வேலை இல்லாமல் போகும்.

சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த காற்று

காற்று அடைத்த டயர் பெயர் வாங்கியதே ஒரு பந்தயத்தில்தான்.

அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை டாக்டராக இருந்தவர் ஜான் பாய்டு டன்லப். தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் தடதடவென்று குதிப்பதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்று அடைத்து சக்கரத்தில் சுற்றினார். 1888-ம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

1889-ம் ஆண்டு மே மாதம் வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர், அந்த டயரைப் பூட்டிக்கொண்டு பெல்பாஸ்ட் பந்தயத்தில் இறங்கினார். குண்டு குண்டாக இருந்த டயரைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவர் முதலாவதாக வந்ததும் வாயடைத்துப் போனார்கள். ஹியூம் சாதாரண சைக்கிள் கிளப்பைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் ஊர்க் கதையும் சுவையானதுதான். 1946-ம் ஆண்டு சென்னை திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறிய கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். அந்தப் பலூன் கம்பெனிதான் பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்து, பந்தயக் கார்களுக்கும் டயர் செய்தது.

சோழவரம் முதல்...

தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்றால் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது சோழவரம். செங்குன்றத்தை அடுத்து, இரண்டாம் உலகப் போர் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம் அங்கே உண்டு. 1953-ல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பியட், அம்பாசிடர், ஹெரால்டு என்று தெருவில் ஓடிய வண்டிகளையே முடுக்கிவிட்டுக் கொண்டு வந்து ஓட்டினார்கள்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வந்தது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்திலும் ஒரு பாதை உண்டு. மாருதி 800 காரின் உறுப்புகளை வைத்தே பந்தயக் கார் வடிவமைத்துக் கொடுத்து, 1995-ல் விமான விபத்தில் மறைந்த கோவை எஸ்.கரிவரதனின் பெயரால் அது 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அழைக்கப்படுகிறது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடந்தது.

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் 3-வது இடம் பிடித்ததிலிருந்து, டீக்கடை பெஞ்சிலும் கார் பந்தயப் பேச்சு அடிபடுகிறது.

அஜித் போன்றவர்களுக்குப் பின்னால் ஒரு பட்டாளமே நிற்கும். ஆனால் சொந்தக் காரை வீட்டிலிருந்து ஓட்டி வந்து, பந்தயப் பாதையில் பழகிவிட்டு, அதே காரில் வீடு திரும்பும் அமெச்சூர் ஆட்களும் உண்டு. என்ஜினை மாற்ற அவர்களிடம் பணம் இருக்காது. ஸ்பிரிங் மாற்றினால் வீட்டில் திட்டு விழும்.

செலவில்லாமல் அவர்கள் மாற்றக்கூடிய ஒரே பொருள், காற்று!

சாக்பீஸ் வித்தை

இதற்கு அவர்கள் செய்யும் வேலை வேடிக்கையாக இருக்கும். பள்ளிக்கூடத்து சாக்பீஸ் ஒன்றை எடுத்து, டயரின் பட்டன் முடிந்து பக்கவாட்டு தொடங்கும் ஓரத்தில் மூன்று இடங்களில் கோடு போடுவார்கள். பிறகு வண்டியை வேகமாக வளைவுகளில் ஓட்டி வருவார்கள்.

திரும்பி வந்ததும் குனிந்து பார்ப்பார்கள். கோடு பக்கவாட்டு வரைக்கும் அழிந்திருந்தால், வளைவில் டயர் மடங்கிப் படுத்திருக்கிறது, காற்று போதாது என்று அர்த்தம். ஓரத்தில் கோடு கொஞ்சமும் அழியாமல் இருந்தால், டயர் விறைத்து நிற்கிறது, காற்று அதிகம் என்று அர்த்தம்.

பல டயர்களில் அந்த ஓரத்தில் சிறிய முக்கோண அடையாளம் இருக்கும். கோடு அந்த முக்கோணத்தின் முனை வரை அழிந்தால் சரியான அளவு.

வசதி உள்ளவர்கள் சூடு பார்க்கும் கருவி வைத்திருப்பார்கள். டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் சூடு பார்ப்பார்கள். நடுவில் சூடு அதிகம் என்றால் காற்று கூடுதல். இரண்டு ஓரமும் அதிகச் சூடு என்றால் காற்று குறைவு. அவ்வளவுதான் ரகசியம்!

முன்னாலா? பின்னாலா?

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் என்ஜின் முன்னால். இழுப்பதும் முன் சக்கரம், திரும்புவதும் முன் சக்கரம். அதனால் முன் டயருக்கு வேலை இரட்டிப்பு. வேகமாக வளைத்தால் ஸ்டியரிங் திரும்பும், வண்டி திரும்பாமல் நேராக இழுத்துக்கொண்டு போகும்.

சில பின்சக்கர வண்டிகளில் கோளாறு வேறு மாதிரி. வளைவில் பின்பக்கம் வால் ஆட்டும்.

முதல் கோளாறுக்கு, சாதாரண டயர் போட்ட அமெச்சூர் ஓட்டுநர் முன் டயரில் காற்றை இரண்டு பவுண்டு கூட்டிப் பார்ப்பார். டயர் மடங்குவது நின்று, பிடி கிடைக்கும். சாக்பீஸ் கோடு சரியாக இருந்தும் வண்டி திரும்ப மறுத்தால், பின் டயரில் இரண்டு பவுண்டு கூட்டுவார். பின்பக்கப் பிடி கொஞ்சம் தளர்ந்து, வண்டி வளைந்து கொடுக்கும்.

வால் ஆட்டும் வண்டிக்கு, அளவுக்கு மேல் விறைப்பாக இருக்கும் பின் டயரில் சிறிது இறக்குவார்.

ஒரு தடவைக்கு இரண்டு பவுண்டு, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், இதுதான் விதி. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்றே தெரியாது. ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். அளக்கும் கேஜும் கடைசி வரை ஒன்றாகவே இருக்க வேண்டும். ஏனென்றால் இந்த கேஜுக்கும் அந்த கேஜுக்கும் இரண்டு பவுண்டு வித்தியாசம் இருப்பது சகஜம்.

எவ்வளவு கூட்டினாலும் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டுவதில்லை.

சூடு ஏறினால்...

இனி வெயில் கதைக்கு வருவோம்.

டயர் சூடானால் காற்றழுத்தம் கூடும் என்பது உண்மைதான். 30 பவுண்டு வைத்த டயரில், 10 டிகிரி சூடு ஏறினால் சுமார் ஒன்றரை பவுண்டு கூடும். காலையில் 30 டிகிரியில் அளந்த டயர், ஓடி ஓடி 60 டிகிரிக்குப் போனால் 34, 35 பவுண்டு காட்டும்.

இதற்காக டயர் வெடித்து விடுமா? விடாது. காயம் இல்லாத கார் டயர் இதைப்போல் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். கம்பெனிக்காரன் சொல்லும் அளவே "வண்டி ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது" என்றுதான் சொல்லப்படுகிறது. ஓடும்போது கூடும் என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் அந்த அளவை வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் வெடிப்பது ஏன்?

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் படும்போது மடங்கும், எழும்பும், மறுபடியும் மடங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் சக்கரம் நிமிடத்துக்கு 700 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக் கொண்டே இருந்தால் சுட்டு, கடைசியில் ஒடிகிறதே, அதே கதைதான். பக்கவாட்டுக்குள் இருக்கும் நூலும் ரப்பரும் சூடேறிப் பிரிந்து, ஒரு கட்டத்தில் படார்!

வெளி வெயில் அதற்குத் துணை போகிறது. குற்றவாளி, குறைந்த காற்று. பாரம் கூடினால் கேட்கவே வேண்டாம்.

கோவை வீரருக்கு 4-வது இடம்

டயர் தாங்காமல் போனால் உலகப் பெரும் பந்தயமே நின்று போகும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. அதில் ஒரு தமிழருக்கும் பங்கு இருக்கிறது.

2005-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் பார்முலா-1 பந்தயம். அதற்கு முன் நடந்த பயிற்சியில், சரிவாக அமைந்த கடைசி வளைவில் ரால்ப் ஷூமாக்கரின் காரில் இடது பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. அந்த வளைவின் பாரத்தை மிச்செலின் டயர் தாங்காது என்று தெரிய வந்தது. பந்தயம் தொடங்கும் நேரத்தில் அந்த டயர் போட்ட 14 கார்களும் ஒவ்வொன்றாக ஒதுங்கிவிட்டன.

மீதி 6 கார்கள் மட்டுமே ஓடின. அதில் ஒன்றை ஓட்டியவர் கோவை வீரர் நரேன் கார்த்திகேயன். பார்முலா-1ல் இறங்கிய முதல் இந்தியர் இவர்தான். அன்று அவருக்கு 4-வது இடம், 5 புள்ளிகள். பார்முலா-1ல் அவர் பெற்ற மொத்தப் புள்ளிகளே அவ்வளவுதான்.

2013-ம் ஆண்டு இங்கிலாந்தில் சில்வர்ஸ்டன் பந்தயத்தில் பல கார்களின் டயர்கள் அடுத்தடுத்து வெடித்தன. காற்றை அளவுக்குமேல் குறைத்து ஓட்டியதும் காரணங்களில் ஒன்று என்று டயர் கம்பெனி சொன்னது. இதற்குக் கீழே காற்று இறங்கக்கூடாது என்று எல்லை கட்டி சோதனை போடும் வழக்கம் அதன்பிறகு இறுகியது. 2015-ல் இத்தாலியில் ஜெயித்த ஹாமில்டனின் ஒரு டயரில் 0.3 பவுண்டு குறைந்திருந்தது என்று விசாரணையே நடந்தது. வெற்றி அவருக்கே என்று முடிவானது வேறு விஷயம்.

அரை பவுண்டுகூட இல்லாத வித்தியாசத்துக்கு அங்கே விசாரணை. இங்கே ஐந்து பவுண்டு குறைந்தாலும் கேட்க ஆள் கிடையாது!

சாலையிலும் அதே கதை

பந்தயத்தோடு இது நின்றுவிடவில்லை. 2000-ம் ஆண்டு அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனி 60 லட்சத்துக்கும் அதிகமான டயர்களைத் திரும்பப் பெற்றது. போர்டு எக்ஸ்புளோரர் கார்களில் அந்த டயரின் மேல்பட்டை பிரிந்து, வண்டி உருண்டு, 200-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அந்தக் காருக்கு 26 பவுண்டு காற்றே போதும் என்று கார் கம்பெனி சொல்லியிருந்தது. "காற்று குறைவு" என்றது டயர் கம்பெனி. "டயர் மோசம்" என்றது கார் கம்பெனி.

சண்டை எப்படியோ, புதுக் கார்களில் காற்று குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிக்க வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

மழையிலும் ஆபத்து

ஐப்பசி மழையில் வேறு விதமான ஆபத்து. வேகமாகப் போகும் டயர் தண்ணீரை விலக்க முடியாமல், படகு மாதிரி அதன் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

எந்த வேகத்தில் மிதக்கும் என்பதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா விமான டயர்களை வைத்துக் கண்ட கணக்கு உண்டு. அதன்படி பட்டன் தேய்ந்த மொட்டை டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், தண்ணீர் தேங்கிய சாலையில் மிதக்கும் வேகம் மணிக்கு சுமார் 91 கிலோமீட்டர். அதே டயரில் 20 பவுண்டுதான் என்றால் 74 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். நான்கு வழிச்சாலையில் 74 என்பது சாதாரண வேகம் ஆயிற்றே!

பட்டாசு லாரி

சாத்தூர், சிவகாசி பக்கத்துக்கு இந்த விஷயம் இன்னும் முக்கியம். தீப்பெட்டியும் பட்டாசும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலை இது.

லாரியின் பின்னால் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். உள்பக்கத்து டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. அதன் பாரத்தையும் பக்கத்து டயர் சேர்த்துச் சுமக்கும். காற்றில்லாத டயர் நசுங்கி, உரசி, சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. மேலே இருப்பது பட்டாசு என்றால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

டிரைவர்கள் லிவர் கம்பியால் டயரைத் தட்டி, "டங்" என்கிறதா, "தொப்" என்கிறதா என்று சத்தம் கேட்பது பழைய வழக்கம். சுத்தமாகக் காற்று போன டயரை அது காட்டிக் கொடுக்கும். பதினைந்து இருபது பவுண்டு குறைந்ததைச் சொல்லாது. அதற்கு கேஜ்தான் வேண்டும்.

காரிலும் அப்படியே. இப்போது வரும் ரேடியல் டயர், காற்று சரியாக இருக்கும்போதே அடிப்பக்கம் சற்றுப் பிதுங்கித்தான் தெரியும். கண்ணால் பார்த்தோ, சைக்கிள் டயர் போல் கட்டை விரலால் அமுக்கியோ கண்டுபிடிக்க முடியாது.

வீடு திரும்பும் முன்...

பந்தயப் பாதையில் பழகும் இளைஞர்கள் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. சூடான டயரில் காற்றை இறக்கி அளவு வைத்திருப்பார்கள். சாயங்காலம் டயர் குளிர்ந்ததும் அந்தக் காற்று இன்னும் நாலைந்து பவுண்டு குறைந்துவிடும். அப்படியே குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு விரட்டினால், பந்தயத்தில் வராத ஆபத்து ரோட்டில் வரும். கிளம்புமுன் மறுபடி பழைய அளவுக்கு நிரப்ப வேண்டும்.

நான்கு வழிச்சாலையையே பந்தயப் பாதையாக நினைக்கும் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாங்க அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விடுவது, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம். ஜெயில் வரை போகும். ஆசை இருந்தால் செட்டிபாளையமும் இருங்காட்டுக்கோட்டையும் இருக்கின்றன. அங்கே எதிரே மாட்டு வண்டி வராது!

காசு கொடுத்து நைட்ரஜனா?

"நைட்ரஜன் அடிச்சா சூடே ஏறாதாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு அதுவும் ஏறக்குறைய இதே அளவுதான் விரியும். ஈரம் இல்லாமல் இருக்கும் என்பது ஒரு நன்மை. அளவைப் பார்க்காமல் விட்டால் நைட்ரஜனும் காப்பாற்றாது.

செய்ய வேண்டியது எளிது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் காற்றளவு எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். மோட்டார் சைக்கிளில் செயின் கவர் பக்கம் பார்க்கலாம். ஒருவர் போனால் ஓர் அளவு, இருவர் போனால் பின் டயருக்கு வேறு அளவு என்று அதில் போட்டிருக்கும். மாதம் இரண்டு முறை, காலையில் வண்டி ஓடும் முன் அளந்து, அந்த அளவு வைத்தால் போதும். இருக்கன்குடிக்கு மாரியம்மனைக் கும்பிடக் குடும்பத்தோடு கிளம்பும் நாளில் இன்னொரு முறை பார்த்துக் கொள்ளலாம்.

சாத்தூர் சேவுக் கடைக்காரர் எண்ணெய்ச் சூடு பார்க்காமல் மாவைப் பிழிவாரா? மாட்டார். காற்றுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை பஞ்சர் கடைத் தம்பி, "எவ்வளவு வைக்க, அண்ணாச்சி?" என்று கேட்டால், வெயிலை அண்ணாந்து பார்க்க வேண்டாம். கதவைத் திறந்து ஸ்டிக்கரைக் காட்டினால் போதும்!